அடைப்புக்குறிக்குள் வெள்ளவத்தை

வினோதன் அண்ணை எங்கள் கடைக்குள் வரும்போது முதலில் செருப்பைக் கழற்றுவார். கழற்றத் தேவையில்லை என்று எத்தனையோ தரம் சொல்லியாயிற்று. பிறகு சட்டைப் பையிலிருந்து மூன்று அட்டைகளை எடுப்பார். விளையாட்டுச் சீட்டளவு அட்டைகள்: பச்சை, மஞ்சள், சிவப்பு. மூன்றையும் சேர்த்து மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி ஓரங்களைச் சரிக்கட்டுவார். ஒன்றின்மேல் ஒன்றாக வைப்பார். சிவப்பு எப்போதும் மேலே இருக்கும். அதன்மேல் சுட்டுவிரலை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்து, "இப்ப கதையுங்கோ" என்பார்.

அந்த விரல் அங்கே இருக்கிறவரை நாங்கள் ஒழுங்காகக் கதைக்கவேண்டும். விளங்காத சொல் வந்தால் சிவப்பு எழும்பும். தனக்கு ஏதும் சொல்ல இருந்தால் மஞ்சள். விளங்கிவிட்டால் பச்சை. கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் கூடுகிற சங்கத்தில் இதுதான் சட்டம். அந்தச் சங்கத்தில் உறுப்பினர், தலைவர், செயலாளர் எல்லாருமே அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள். தங்களுக்காகத் தாங்களே கதைப்பதற்குக் கூடுகிறார்கள். மண்டபத்துக்குள் மட்டும் பாவிப்பதற்கென்று செய்த அட்டைகளை வெளியே கொண்டுவந்து கொழும்பு முழுவதற்கும் காட்டத் தொடங்கியவர் வினோதன் அண்ணை ஒருவர்தான்.

ஒருமுறை பஸ்ஸில் கண்டக்டர் வேகமாக ஏதோ கத்த, இவர் சிவப்பைத் தூக்கியிருக்கிறார். கண்ணாடியில் அதைக் கண்ட சாரதி, யாரோ பரிசோதகர் ஏறிவிட்டார் என்று நினைத்து கொழும்பின் பெரிய தெருவான காலி வீதியின் நடுவே பஸ்ஸை நிற்பாட்டிவிட்டார். ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலில் அர்ச்சனை நடக்கும்போதும் தூக்கியிருக்கிறார். ஐயர் மந்திரத்தை நிறுத்தி, "உங்கட பேரையும் நட்சத்திரத்தையும் முருகனுக்குச் சொல்றன்" என்று தமிழில் விளக்கிய பிறகுதான் பச்சை வந்ததாம்.

என்னை முதன்முதலில் கண்ட அன்று, "நான் வினோதன். எனக்கு நாப்பத்திமூண்டு வயசு. எனக்கு டவுன் சிண்ட்ரோம். உமக்கு?" என்று கேட்டார். "கூச்சம்" என்றேன். பச்சை அட்டையைக் காட்டினார்.

எங்கள் கடை என்றால் அது என்னுடையதல்ல, மெல்ரோய் அண்ணனுடையது. காலி வீதியிலிருந்து வெள்ளவத்தைக் கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையில் இருக்கிறது. போட்டோ கொப்பி, லமினேட், தட்டச்சு எல்லாம் உண்டு. ஆனால் வெள்ளவத்தையில் கடையை நிற்கவைத்திருப்பது மரண அறிவித்தல்தான். மெல்ரோய் அண்ணன் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். "எங்கட ஆள் செத்தா ஒரு படம், ஒரு சிலுவை, பூசை டைம். முடிஞ்சிச்சு. உங்கட யாழ்ப்பாணத்து ஆள் செத்தா வாக்காளர் பேர் இடாப்பு அடிக்கணும்" என்பார்.

அவர் சொல்வதில் பிழையில்லை. இன்னாரின் மகனும், இன்னாரின் மருமகனும், இன்னாரின் அன்புக் கணவரும், பிள்ளைகள், மருமக்கள், மைத்துனர்கள், சம்பந்திகள், பேரப்பிள்ளைகள் என்று ஒரே வசனம் பக்கம் முழுக்க ஓடும். வெளிநாட்டில் இருப்பவரின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் நாடு வரும். தட்டி முடித்ததும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். அதன் பிறகுதான் சண்டை தொடங்கும். டொரோண்டோவில் ஒருவர் எழும்பி, தன் பெயர் ஏன் தம்பியின் பெயருக்குப் பின்னால் நிற்கிறது என்று கேட்பார். நான் மேசைக்குக் கீழே வைத்து வாசிக்கிற நவீன கவிதைகளில் காற்புள்ளியே கிடையாது. மேசைக்கு மேலே ஒரு காற்புள்ளி தவறினால் இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையை நிறுத்திவிடும்.

வினோதன் அண்ணை இரண்டு கடை தள்ளி பஹ்மியாவிடம் வேலை செய்கிறார். பஹ்மியா ரோல்ஸ், பெட்டிஸ், கட்லட் விற்கிறவர். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். அதனால் வினோதன் அண்ணைக்கும் அவர் பஹ்மியா தாத்தா. வினோதன் அண்ணை காலை ஏழு மணிக்கு வந்து கையுறை போட்டு, எண்ணெய் ஒற்றுகிற கடதாசியில் ஆறு ஆறாக அடுக்கிப் பொதி செய்வார். ஐந்து ரோல்ஸ் கேட்டால் ஏன் ஐந்து என்று விசாரிப்பார். வாடிக்கையாளர் காரணம் சொல்லவேண்டும்.

போன வருடம் அவருடைய அப்பா வரதராசா காலமானார். எண்பத்திநாலு வயது. புதுக்கடை நீதிமன்றத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்றவர். மூத்த மகன் சாரங்கன் கனடாவிலிருந்து மனைவியோடும் மகள் சாம்பவியோடும் வந்து இறங்கி, அதே பகல் எங்கள் கடைக்கு வந்தார். கையில் பட்டியல். நான் தட்டத் தொடங்கினேன்.

"...பத்மாவதியின் அன்புக் கணவரும், சாரங்கன் (கனடா), நிருஷா (லண்டன்) ஆகியோரின் பாசமிகு தந்தையும்..."

என் விரல் நின்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் தொலைபேசியைப் பார்த்தார். கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. வந்த வேலையைத் தட்டினேன்.

அந்த அறிவித்தலில் வரதராசாவின் மைத்துனர் ஒருவரின் பெயரும் உயிரோடு இருப்பவராகவே வந்திருந்தது. அவர் போய் இரண்டு வருடம். முந்நூறு பிரதி அடித்த பிறகு சடலம் வைத்திருந்த மலர்ச்சாலையில்தான் யாரோ கண்டுபிடித்தார்கள். போனவரே பட்டியலில் இருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்ற மகன் இல்லை.

கட்டுகளைக் கொடுக்கப் போனவன் என்பதால் நானும் அங்கே இருந்தேன். வினோதன் அண்ணை ஒரு பிரதியை எடுத்துக் கதிரையில் வைத்து, முழங்காலில் நின்று, ஒவ்வொரு சொல்லுக்குக் கீழும் விரலை நகர்த்தினார். அவர் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். மூன்று தரம் வாசித்தார். பிறகு எழும்பிப்போய், வந்தவர்களோடு கதைத்துக்கொண்டிருந்த சாரங்கனின் முகத்துக்கு நேரே மஞ்சளைப் பிடித்தார்.

"என்னடா?"

"நான் இதிலை இல்லை."

"பிறகு கதைப்பம்."

"பிறகு எண்டால் எத்தினை மணிக்கு?"

பக்கத்தில் நின்ற மாமா ஒருவர் அவசரமாக இடையில் புகுந்தார். "முப்பத்தொண்டாம் நாள் கிரியைக்கு நன்றி நோட்டீஸ் அடிப்பினம்தானே ராசா, அதிலை பாப்பம்." அந்த நேரத்தைச் சமாளிக்கச் சொன்ன சொல். சொன்னவர் அதை அங்கேயே மறந்திருப்பார்.

வினோதன் அண்ணை பச்சையைக் காட்டினார்.

அடுத்த நாளிலிருந்து கடைக்கு வரத் தொடங்கினார். மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு இடைவேளை. பன்னிரண்டு நாற்பதுக்குச் செருப்பு வாசலில் இருக்கும்.

"முப்பத்தொண்டாம் நாள் நோட்டீஸ் வந்திட்டுதோ?"

"இல்லை அண்ணை. இன்னும் இருபத்தேழு நாள் கிடக்கு."

"வந்தால் என்ரை பேரைப் போடும்."

"உங்கட அண்ணாதான் சொல்லவேணும். வாடிக்கையாளர் தாற பட்டியலைத்தான் நாங்கள் அடிக்கிறது."

"பேர் போட என்ன வேணும்?"

யோசித்துப் பார்த்தேன். "மகனா இருக்கவேணும்."

"நான் மகன்."

மறுநாள் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவந்தார். அதை லமினேட் பண்ணச் சொன்னார். அதற்கடுத்த நாள் அடையாள அட்டை. அதற்கடுத்த நாள், மாவுக் கையோடு பஹ்மியா.

"என்னா மெல்ரோய், இந்தப் புள்ளக்கி என்னத்துக்கு அலக்கழிக்கிறீங்க? எனக்கிட்ட பதினொரு வருஷமா ஈக்கிது. இவர்ட வாப்பாவ எனக்குத் தெரியும். சாட்சி வேணும்டா நான் கையெழுத்து வெக்கிறேன்."

"தாத்தா, இது கோர்ட் இல்ல. மரண நோட்டீஸ்."

"மரண நோட்டீஸ்ல மவன் இல்லாம வேற யாரு ஈப்பாங்க? நீங்களா?"

பஹ்மியா நான்கு கட்லட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இலஞ்சமா அன்பளிப்பா என்று மெல்ரோய் அண்ணன் என்னைக் கேட்டார். கேட்டுக்கொண்டே இரண்டைச் சாப்பிட்டார்.

வீட்டில் அம்மா பத்மாவதியிடமும் கேட்டிருக்கிறார். "பேரிலை என்ன கிடக்கு ராசா, நீ என்னோடைதானே இருக்கிறாய்" என்றாராம் அவர். வினோதன் அண்ணை அதை என்னிடம் சொல்லிவிட்டு, "முருகனுக்குப் பேர் சொல்லலாம். நோட்டீசிலை போடேலாதோ?" என்று கேட்டார். நான் வேறு யாருக்கோ அவசரமாகப் போட்டோ கொப்பி எடுக்கத் தொடங்கினேன்.

இருபத்துநாலாம் நாள், பன்னிரண்டு ஐம்பதுக்கு, சாரங்கன் பட்டியலோடு வந்தார். தம்பி ஏற்கெனவே அங்கே அமர்ந்திருப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மேசையில் அட்டைகள் தயாராக இருந்தன.

சாரங்கன் தம்பியைத் தாண்டி என்னிடம் குனிந்தார். "தம்பி, போன முறை மாதிரியே போடும். இவருக்குச் சொன்னா விளங்காது."

சிவப்பு.

"என்னைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் என்னோடை கதையுங்கோ" என்றார் வினோதன் அண்ணை. சனிக்கிழமைக் கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து சொல்கிற வசனம் அது. தனியாகச் சொன்னாலும் கூட்டமாகத்தான் கேட்டது.

சாரங்கன் கதிரையை இழுத்து அமர்ந்தார். கெட்டவர் இல்லை. வங்கியில் வேலை. கூட்டங்களில் கதைத்துப் பழகியவர். தொண்டையைச் செருமினார்.

"இஞ்சை பார் வினோ. இது ஒரு சென்சிட்டிவ்வான காலகட்டம்..."

சிவப்பு.

"சரி. அதாவது, இப்போதைய சூழ்நிலையைக் கருத்திலை எடுத்துப் பாத்தா..."

சிவப்பு.

"குடும்பத்தின்ரை எதிர்கால நன்மையை உத்தேசிச்சு..."

சிவப்பு கீழே இறங்கவே இல்லை.

"டேய், இதை ஒருக்கா வையன்! மனுசன் கதைக்கிறதில்லையோ?"

"கதையுங்கோ. விளங்கிற மாதிரி."

மெல்ரோய் அண்ணன் எண்ணத் தேவையில்லாத கடதாசிக் கட்டொன்றை எண்ணத் தொடங்கினார். சாரங்கன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஒவ்வொரு தரமும் அவருடைய வசனம் குறுகிக்கொண்டே வந்தது. பெரிய சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கவிதை எழுதிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தவிப்புத் தெரியும். கடைசியில் அவரிடம் இவ்வளவுதான் மிஞ்சியது:

"சாம்பவிக்குக் கலியாணம் பேசுறம். அவையள் நோட்டீசைப் பாத்தா, வினோதன் ஆர் எண்டு கேப்பினம். நான் சொல்லோணும். எனக்குப் பயமாக் கிடக்கு."

வினோதன் அண்ணை சிவப்பைக் கீழே வைத்தார். பச்சையை எடுத்துக் காட்டினார்.

"இப்ப விளங்குது. அண்ணாவுக்குப் பயம்."

"ஓமடா."

"எனக்கும் பயம் வாறது. லிஃப்டிலை. ஆரும் கூட வந்தால் ஓகே."

சாரங்கன் பாதி சிரித்தார். "இது லிஃப்ட் இல்லையடா. ஹெந்தளையிலை உள்ள ஆக்கள். நல்ல குடும்பம். அவையளின்ரை வீட்டிலை இப்பிடி ஒருத்தரும் இல்லை."

அப்போது ஒன்று நடந்தது. வினோதன் அண்ணையின் கை மஞ்சள் அட்டைக்குப் போனது. பாதிவரை தூக்கினார். ஏதோ யோசித்தார். பிறகு அதைத் திரும்ப அடியில் செருகி, ஓரங்களைத் தட்டிச் சரிக்கட்டினார். அவர் தூக்கிய அட்டையை ஒன்றும் சொல்லாமல் வைத்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"சாம்பவியைக் கேட்டனீங்களோ?" என்றார்.

"என்னத்தை?"

"என்ரை பேர் போட அவவுக்குப் பயமோ எண்டு."

"அவ சின்னப் பிள்ளை."

"இருபத்தாறு. அவவைப் பற்றிக் கதைக்கிறதெண்டால் அவவோடை கதையுங்கோ."

சாரங்கன் மெல்ரோய் அண்ணனைப் பார்த்தார். மெல்ரோய் அண்ணன் கடதாசியை விட்டுவிட்டு, "கேட்டுப் பாருங்களேன் சேர், கோல் ஒண்ணுதானே" என்றார். அவருக்குள் பஹ்மியாவின் கட்லட் வேலை செய்திருக்கவேண்டும்.

சாம்பவி மூன்று ஒழுங்கை தள்ளி, பிளாட்டில்தான் இருந்தார். தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டார்கள்.

"வாட்? சித்தப்பான்ட பேர் இல்லையா? முதல் நோட்டீஸ்லயும் இல்லையா?"

"நீ பாத்தனிதானே பிள்ளை" என்றார் சாரங்கன்.

"அப்பா, எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதெல்லோ! சனிக்கிழமைத் தமிழ் கிளாஸ நீங்கதானே நிப்பாட்டி ஸ்விம்மிங்குக்கு அனுப்பினனீங்க. நான் அப்பப்பான்ட படத்த மட்டும்தான் பாத்தனான்."

சாரங்கன் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கிற பொத்தானைத் தேடினார்.

"போடுங்கோ. அதுக்கு ஓடுற ஆள் இப்பவே ஓடட்டும். சித்தப்பா, அங்க நிக்கிறீங்களா? வரேக்க எனக்கு ரெண்டு பெட்டிஸ்."

"ஏன் ரெண்டு?" என்று கேட்டார் வினோதன் அண்ணை.

இதோடு முடிந்தது என்று நினைத்துத் திரையில் பெயரைத் தட்டினேன். சாரங்கன் கடைசியில் போடச் சொன்னார். வினோதன் அண்ணை பிறப்புச் சான்றிதழை மேசையில் வைத்தார். திகதிப்படி நிருஷாவுக்கு முன்னால் வரவேண்டும். வந்தது. பிறகு திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய் விரலை எழுத்துகளின் கீழ் நகர்த்தினார்.

"அண்ணாவுக்குக் கனடா. நிருஷாவுக்கு லண்டன். எனக்கு?"

"இங்க இருக்கிற ஆக்களுக்குப் போடுறதில்ல வினோ" என்றார் மெல்ரோய் அண்ணன். "வெளிநாட்டுக்காரருக்கு மட்டும்தான்."

"ஏன்?"

இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறார் மெல்ரோய் அண்ணன். அவருக்கும் தெரியவில்லை. "தூரத்தில இருக்கிறாங்கன்னு காட்டத்தான்" என்று இழுத்தார்.

"நான் கிட்ட இருக்கிறன் எண்டு காட்டோணும். ஆஸ்பத்திரியிலை நான்தான் கிட்ட இருந்தனான்."

சாரங்கன் என்னைப் பார்த்து, "போடும் தம்பி" என்றார்.

சாரங்கன் (கனடா), வினோதன் (வெள்ளவத்தை), நிருஷா (லண்டன்). எங்கள் கடையின் வரலாற்றில் அடைப்புக்குறிக்குள் போன முதல் வெள்ளவத்தை அது. சரிபார்த்த பிரதியில் குடும்பத்தார் ஒருவர் கையெழுத்திட வேண்டும். சாரங்கன் பேனையை எடுக்குமுன் வினோதன் அண்ணை எடுத்துவிட்டார். முழுப் பெயரையும் எழுதினார். நான்கு நிமிடம் எடுத்தது. இடையில் ஒரு அம்மா லமினேட்டுக்கு வந்து, பார்த்துவிட்டு, உயில் எழுதுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் போனார்.

முப்பத்தொன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். ஹெந்தளையிலிருந்து மாப்பிள்ளையும் தாய் தகப்பனும் வந்தார்கள். வாசலில் வினோதன் அண்ணை நோட்டீஸ் கட்டோடு நின்றார். ஒவ்வொருவருக்கும் ஒன்றைக் கொடுத்து, அடைப்புக்குறியைத் தொட்டுக் காட்டி, "இது நான்" என்றார். மாப்பிள்ளையின் தாய் கண்ணாடியைப் போட்டு முழுவதையும் வாசித்தார். சாரங்கன் பாயாசக் கிண்ணத்தோடு அப்படியே நின்றார்.

"தம்பி, நீர் சனிக்கிழமையளிலை எங்கையும் போறனீரோ?" என்று அந்த அம்மா கேட்டார்.

"கொட்டாஞ்சேனைக்கு. மீட்டிங்."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. நோட்டீசை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். சரியாகச் சாப்பிடவும் இல்லை. அவர்கள் போன பிறகு, "முடிஞ்சுது" என்றார் சாரங்கன். "வடை முடியேல்லை" என்றார் வினோதன் அண்ணை.

ஆனால் கல்யாணம் முடிவாயிற்று. இரண்டு நாள் கழித்து ஹெந்தளையிலிருந்து தொலைபேசி வந்ததாம். என்ன கதைத்தார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. மெல்ரோய் அண்ணன், கனடா மாப்பிள்ளைகளுக்குப் பெண் கிடைக்காத காலம் என்றும், இல்லை, இது ஹெந்தளை மாப்பிள்ளை என்றும், தன்னோடு தானே விவாதித்துக்கொண்டார். பஹ்மியா, அது தன் கட்லட்டின் பலன் என்றார்.

மூன்று மாதம் கழித்துச் சங்கத்துக்குப் புது அட்டைகள் வேண்டுமென்று வினோதன் அண்ணை கேட்டார். நாற்பது செட் வெட்டி, லமினேட் பண்ணி, ஒரு சனிக்கிழமை நானே கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனேன். மண்டபத்தில் தலைவர் வந்து பெட்டியை வாங்கினார். உயரமானவர். என் முகத்தைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்துக் கதைத்தார். அதனால் எனக்கு அவரோடு உடனே ஒத்துப்போயிற்று.

"நான் மிதுஷன். எனக்கு ஓட்டிசம். ஹெந்தளை. என்ரை தம்பிக்குக் கலியாணம். வினோதன்ரை பெறாமகளைத்தான் கட்டுறார். முதல் என்னைப் பற்றி ஒருத்தருக்கும் சொல்லாமல்தான் பேசினவை. வினோதன்ரை நோட்டீசைப் பாத்த பிறகு அம்மா போன் பண்ணிச் சொன்னவ."

எத்தனை காலமாக வினோதன் அண்ணையைத் தெரியும் என்று கேட்டேன். நாலு வருடமாம். ஒவ்வொரு சனியும் பக்கத்துக் கதிரையாம். தம்பிக்குப் பெண் பேசுகிற வீடு எது என்பதையும் பேச்சுத் தொடங்கியபோதே வினோதன் அண்ணையிடம் சொல்லியிருக்கிறார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வினோதன் அண்ணையிடம் கேட்டேன். "அண்டைக்குக் கடையிலை உங்கட அண்ணா அவையளின்ரை வீட்டிலை ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லேக்கை, உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"அது மிதுஷன்ரை கதை. அவர்தான் சொல்லோணும்."